வாசிக்காமல் விட்ட வரிகள்

வெர்லின் ஸ்டாக்டேல் கட்டிய புகைபோக்கி ஒன்றுகூட இன்றுவரை சாய்ந்ததில்லை. ஓஹையோவின் கிழக்கு மேடுகளில் இது சின்ன விஷயமில்லை. குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பி எழும், வசந்தத்தில் இளகி இறங்கும். அஸ்திவாரத்தில் சோம்பல்பட்டவன் கட்டியது நாலு குளிர் தாங்காது. வெர்லின் கட்டியது நிற்கும். "அவரு கட்டினதும் அவரை மாதிரியே. தள்ளினாலும் நகராது" என்பாள் அவன் மனைவி ஓப்பல். அது பாராட்டா, திட்டா என்று அவன் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா கொத்தனார், மகன் சாந்து சுமந்தான். பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. இத்தாலியில் பாலம் கட்டினான், எதிரி உடைத்தான், திரும்பக் கட்டினான். ஊருக்கு வந்ததும் அப்பாவின் கரண்டியை எடுத்துக்கொண்டான். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பேச்சு சுருக்கம். சாந்தில் தண்ணீர் கூடிவிட்டால் மட்டும் வாய் நீளும்.

இப்படிப்பட்டவன் வம்சாவளிச் சங்கத்தில் சேர்ந்தது ஓப்பலின் கைங்கர்யம். இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து நாடு போட்ட முதல் சண்டையில் துப்பாக்கி தூக்கியவர்களின் வழித்தோன்றல்கள் கூடுகிற சங்கம் அது. எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா சண்டைக்குப் போனார் என்று வாயால் சொன்னால் போதாது. யாருக்கு யார் பிறந்தார் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று வேண்டும். கோயில் பதிவு இருக்கலாம், உயில் இருக்கலாம், வீட்டு வேதாகமத்தின் முன்தாளில் எழுதியது இருக்கலாம். எதுவும் இல்லையென்றால் கல்லறைக் கல். ஒரு கண்ணி விட்டுப்போனால் சங்கிலியே இல்லை. வெர்லினின் அம்மா வழியில் எல்லாக் கண்ணியும் இருந்தது. ஓப்பல் அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டுபோய் அவனைச் சேர்த்துவிட்டாள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நாடாவும் பதக்கமும் கொடுத்தார்கள். அவன் அதைச் சாக்ஸ் டிராயரில் போட்டுவைத்தான்.

சேர்ந்த பிறகுதான் சங்கத்துக்கு அவன் அருமை தெரிந்தது. மற்ற உறுப்பினர்களில் பல் டாக்டர் உண்டு, வங்கி மேலாளர் உண்டு, நீதிபதியின் விதவை உண்டு. எல்லோரும் மாலை வைப்பார்கள், கொடி நடுவார்கள், ஆண்கள் முக்கோணத் தொப்பி போட்டுக்கொண்டு குண்டில்லாமல் வெறும் வெடிமருந்து நிரப்பிய துப்பாக்கியால் வானத்தைச் சுடுவார்கள். சாய்ந்து கிடக்கிற கல்லை யார் நிமிர்த்துவது? கடப்பாரையும் பிக்கப் வண்டியும் முதுகும் இருப்பவன் வெர்லின் ஒருவன்தான். கல்லறைப் பொறுப்பை அவன் தலையில் கட்டினார்கள்.

அந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. கல்லை நிமிர்த்தி, அடியில் சரளை கெட்டித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு தொப்பியைக் கழற்றுவான். கல்லில் இருப்பதை மேலிருந்து கீழாக ஒருமுறை சத்தமாக வாசிப்பான். ஒருநாள் ஓப்பல் பார்த்துவிட்டாள்.

"யாருக்குய்யா வாசிக்கிறே?"

"உள்ள படுத்திருக்கறவனுக்குத்தான். இத்தனை நாள் சாஞ்சு கெடந்தான்ல. தன் பேரு இன்னும் இருக்குன்னு தெரிய வேணாமா?"

ஓப்பல் அதற்குமேல் கேலி செய்யவில்லை.

ஊருக்கு வெளியே பெத்தானி மேட்டில் சங்கம் தலையில் வைத்துக் கொண்டாடுகிற கல்லறை எலிஃபலெட் ராண்டுடையது. சாதாரணச் சிப்பாய்தான். சண்டை முடிந்து கிழக்கிலிருந்து வண்டி கட்டி வந்து, இந்த மேட்டைத் திருத்தி, இங்கேயே புதைந்தவன். சோளக்காட்டு ஓரத்தில் வேலி போட்ட துண்டு நிலம். ராண்டின் கல்லைச் சுற்றி வேறு சில கற்கள். பாதிக்குமேல் மண்ணுக்குள் போய்விட்டன.

அந்த ராண்டின் வழி நான் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நியோமா க்ரம்லி. பள்ளிக்கூடச் சமையற்காரி. கல்யாணம் செய்துகொள்ளாதவள். எழுபதை நெருங்கியவள். சங்கக் கூட்டம் கோயிலின் கீழ்த்தளத்தில் நடக்கும். அங்கே அடுப்படி அவள் ராஜ்யம். பன்றித்தொடை சுட்டு, உருளைக்கிழங்கு சாலட் கலந்து, ஆப்பிள் வைத்துச் சுட்ட மாவுப் பண்டமான பையை வெட்டி, அடுப்படி ஜன்னல் வழியாக நீட்டுவாள். முப்பது வருஷமாக அந்த ஜன்னலுக்கு உள்பக்கம்தான் அவள் இடம். உறுப்பினர் இல்லையே.

இரண்டுமுறை மனு போட்டாள். க்ரம்லி வம்சம் எல்லாம் சரியாக இருந்தது, அவள் மூதாதை ஜேக்கப் க்ரம்லி வரைக்கும். ஜேக்கப்பின் மனைவி மெஹிட்டபெல் என்பதும் தெரியும். அந்த மெஹிட்டபெல் யார் மகள் என்பதற்குத்தான் எழுத்தில் ஒன்றும் இல்லை. ஊர் ஆவணங்கள் இருந்த கட்டிடம் எந்தக் காலத்திலோ எரிந்துபோயிருந்தது. "ராண்ட் மகதான், எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்" என்றாள் நியோமா. இரண்டாம் மனு கமிட்டியில் வந்தபோது வெர்லினும் உட்கார்ந்திருந்தான். யாரும் வாயைத் திறக்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனம் பிடிக்காமல் வெர்லின்தான் சொன்னான்:

"வாய்ச்சொல்லை எடுத்துக்க ஆரம்பிச்சா இந்த ஜில்லாவுல அத்தனை பேரும் ஜெனரலோட பேரன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். மனு விழுந்தது. சிரிப்பு அடங்கின பிறகுதான் அடுப்படி ஜன்னல் திறந்திருந்ததை வெர்லின் பார்த்தான். நியோமா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதா, கேட்கவில்லையா தெரியாது. அன்றைக்கும் அவனுக்கு ஆப்பிள் பை வந்தது.

அந்தச் சிரிப்பு செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி அவனுக்குள்ளே கிடந்தது.

நாட்டுக்கு இருநூறு வயது நிறைந்த கோடை அது. ஜூலை நாலாம் தேதி ராண்டின் கல்லறையில் புது வெண்கலத் தகடு வைக்க வேண்டும்; மாநிலத் தலைவர்கள் வருகிறார்கள். சங்கத் தலைவி மிஸஸ் பிரெண்டிஸ் வெர்லினைக் கூப்பிட்டுப் பொறுப்பைச் சொன்னார். நீதிபதியின் விதவை. தோளிலிருந்து நாடா நாடாவாகத் தொங்கும். ஆனால் கண்டிப்பில் ஓரவஞ்சனை கிடையாது.

"மத்த கல்லுங்களும் நிமிந்து இருக்கட்டும், வெர்லின். ஆனா கழுவுறது தண்ணி மட்டும்தான். மெத்துன்னு ஒரு பிரஷ். வேற ஒண்ணும் வேணாம். வெளுக்கலைன்னாலும் பரவாயில்லை."

"எனக்கே பாடமா, மிஸஸ் பிரெண்டிஸ்?"

"உங்களுக்குத்தான். நீங்க அவசரக்காரர்."

விழாவுக்கு முந்தின வாரம், ஒரு மதியம், வெர்லின் தனியாக மேட்டில் இருந்தான். ராண்டின் கல்லுக்குப் பக்கத்தில் நிலப்பன்றி என்கிற கொழுத்த நில அணில் ஒன்று வளை தோண்டியிருந்தது. விழா அன்றைக்கு யாராவது காலை விட்டால் வம்பு என்று, வளை எவ்வளவு தூரம் போகிறது பார்க்க இரும்புக் கம்பியைச் செருகிச் செருகிப் பார்த்தான். ஓரிடத்தில் கம்பி 'டங்' என்றது. ஒரு சாண் தள்ளிச் செருகினான். மறுபடி 'டங்'. சலவைக்கல்லின் சத்தம் அவனுக்குத் தெரியும்.

புல்தரையைச் சதுரமாக வெட்டி எடுத்தான். கடப்பாரை போட்டு நெம்பினான். குப்புற விழுந்து கிடந்த கல். திருப்பியதும் களிமண்ணும் வேருமாகப் பலகை பலகையாக ஒட்டியிருந்தது. மேல்பாதியில் மட்டும் மண் தானாகப் பெயர்ந்து வந்தது. கட்டைவிரலால் தேய்த்தான். வெயிலும் மழையும் படாமல் கிடந்ததால் எழுத்து நேற்று வெட்டியதுபோல இருந்தது.

மெஹிட்டபெல். ஜேக்கப் க்ரம்லியின் மனைவி. எலிஃபலெட் ராண்டின் மகள்.

வெர்லின் மூன்று வரியையும் இன்னொரு முறை விரலால் தடவினான்.

நியாயமாக அந்த நிமிஷமே வண்டியை எடுத்துக்கொண்டுபோய் நியோமாவைக் கூட்டி வந்திருக்க வேண்டும். வழியில் மிஸஸ் பிரெண்டிஸையும் ஏற்றிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் அவன் மனதில் வேறொரு காட்சி ஓடத் தொடங்கிவிட்டது. விழா நாள். ராண்டின் கல். அதன் பக்கத்தில் வெள்ளைத் துணி மூடிய இன்னொரு கல், நிமிர்ந்து, பளிச்சென்று. மாநிலத் தலைவர்கள் பார்க்க, மிஸஸ் பிரெண்டிஸ் துணியை இழுக்கிறார். நியோமா தன் பெயரின் வேரைப் படிக்கிறாள். வெர்லின் கூட்டத்தின் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அன்றைக்குச் சிரித்த அத்தனை வாய்களும் மூடிக்கொள்கின்றன, அவன் வாயும் சேர்த்து. ஆடம்பரமே பிடிக்காத மனுஷனுக்கு எங்கிருந்து இந்த ஆசை வந்ததோ.

பிரஷ்ஷும் தண்ணீரும் எடுத்துத் தேய்த்தான். மேல்பாதி சுத்தமானது. கீழ்ப்பாதியில் இன்னும் இரண்டு வரி இருப்பது தெரிந்தது. வேரும் களியும் சிமெண்டாகப் பிடித்திருந்ததால் படிக்க முடியவில்லை. ஊறவிட்டு, நாலு நாள் கழித்து மரக்குச்சியால் மெல்லச் சுரண்ட வேண்டிய மண். பொறுமை இல்லை. வண்டியில் ஆசிட் கேன் இருந்தது. பள்ளிக்கூடப் புகைபோக்கியில் ஒழுகிய சாந்துக் கறையைக் கழுவ வாங்கியதில் மிச்சம்.

ஆசிட் எதைத் தின்னும் என்று கொத்தனாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பைத் தின்னும். அதனால்தான் செங்கல்லை விட்டுவிட்டுச் சாந்தை மட்டும் கழுவுகிறது. சலவைக்கல் என்பது முழுக்கச் சுண்ணாம்பு. இது வெர்லினுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேனைத் திறந்தான். 'தண்ணீர் நிறையக் கலந்தால் ஒன்றும் ஆகாது, ஒரு கண்ணிமைப்புத்தானே' என்று கைக்குச் சொல்லிக்கொண்டான். செங்கல்லில் பழகிய கை, கேட்டுக்கொண்டது.

ஊற்றினதும் நுரைத்தது. நுரையைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது. சாந்து இளகும்போது வருகிற நுரைதானே. கழுவிவிடத் தண்ணீர் பார்த்தால் வாளி காலி. மேட்டுக்குக் கீழே ஓடைக்கு இறங்கி வாளியை நிரப்பிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தபோது, நுரை கல் முழுக்கப் பரவி வழிந்திருந்தது. தண்ணீரை ஊற்றி, பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தான். நூறு வருஷ ஈரத்தில் ஊறின கல்லின் முகம், நனைந்த சர்க்கரையாகப் பிரஷ்ஷோடு வந்தது.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் இன்னும் தேய்த்தான். எழுத்து அழுக்குக்கு அடியில்தான் இருக்கிறது, தேய்த்தால் வந்துவிடும் என்பதுபோலத் தேய்த்தான். கை நின்றபோது மேல் விளிம்பில் துக்கத்தின் அடையாளமாக வெட்டியிருந்த வில்லோ மரத்தின் ஒரு கிளை மட்டும் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் வெறும் வெள்ளை.

சில்வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. வெர்லின் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை. கல்லைக் குப்புறத் திருப்பி, பழைய குழியிலேயே போட்டு, வெட்டின புல்தரையை மேலே வைத்து மிதித்தான். நன்றாக மிதித்தான். கொத்தனார் வேலை, ஓரம்கூடத் தெரியவில்லை.

விழா அமோகமாக நடந்தது. ராண்டின் கல்லுக்கு முன்னால் தகடு மின்னியது. முக்கோணத் தொப்பிக்காரர்கள் சுட்டார்கள். ஒரு துப்பாக்கி மட்டும் வெடிக்காமல் தும்மியது, எல்லோரும் சிரித்தார்கள். நியோமா வழக்கம்போல, உறுப்பினர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, கைக்குட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து அந்தப் புல்தரை நாலு எட்டு. வெர்லின் அந்தப் பக்கம் பார்க்காமலே நின்றான்.

மதியச் சாப்பாட்டில் ஜன்னல் வழியாக அவனுக்கு நீண்ட பைத்துண்டு மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு.

"என்ன மிஸ் நியோமா, எனக்கு மட்டும்?"

"மேட்டுல தனியாக் கெடந்து உழைச்சியே. எங்க பெருசு படுத்திருக்கற எடம் இவ்வளவு அழகா இருந்து நான் பாத்ததே இல்ல. சாப்பிடு."

அவன் வெளியே போய் வண்டிக்குப் பின்னால் நின்று, அந்தப் பைத்துண்டை யார் வீட்டு நாய்க்கோ போட்டான்.

அதற்குப் பிறகு அவன் வேலை செய்யாமல் இல்லை. கல் நிமிர்த்தினான், சரளை கெட்டித்தான். ஆனால் தொப்பியைக் கழற்றி வாசிப்பதை நிறுத்திவிட்டான். ஓப்பல் கவனித்தாள்.

"இப்பல்லாம் வாசிக்கறதில்லையே?"

"தொண்டை கட்டியிருக்கு."

"ரெண்டு மாசமாவா?"

அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். அவன் தலைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அப்படி ஒரு கல் இருந்ததே உலகத்துக்குத் தெரியாது. சொன்னால் நியோமாவுக்குக் கிடைக்கப்போவது என்ன? எழுத்து திரும்பி வருமா? வீணாக அவள் மனசுதான் உடையும். ஆகவே சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வந்தது. கிழவி தன் வம்சத்துக்குச் சான்று இருந்ததைத் தெரிந்துகொள்ளாமலே சாக வேண்டும், அதை அறிந்த ஒரே தலை தன் தலையாக இருக்க வேண்டும். கணக்கு கேட்டது அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, அவள் வீட்டுப் பின்கதவைத் தட்டினான். நியோமா அடுப்படி மேஜையில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அட, வெர்லினா! கூரை ஒழுகுதுன்னு நாலு தடவை கூப்பிட்டேன், வரல. இன்னிக்குக் கூப்பிடாம வந்திருக்கே. யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"அப்புறம் ஏன் தொப்பியைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறே? உக்காரு. காபி இருக்கு, நேத்தையது. திட்டாமக் குடி."

அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். விழாவுக்கு முந்தின வாரம், வளை, கம்பி, 'டங்' சத்தம், குப்புறக் கிடந்த கல். அவள் கை பீன்ஸ் உரித்துக்கொண்டே இருந்தது. கல்லில் இருந்த பெயரைச் சொன்னான். கை நின்றது.

"திரும்பச் சொல்லு."

"மெஹிட்டபெல். ஜேக்கப் க்ரம்லியின் மனைவி. எலிஃபலெட் ராண்டின் மகள்."

"மகள்னு இருந்துச்சா? உன் கண்ணால பாத்தியா?"

"விரலால தடவிப் பாத்தேன்."

நியோமா எழுந்துவிட்டாள். "கோட்டு எங்க? வண்டி வெளியதான நிக்குது? எனக்கு முழங்கால் வலி, மெதுவாத்தான் ஓட்டணும். ஏய்யா, ரெண்டு மாசம் கழிச்சு வந்து சொல்றே, உனக்கு எத்தனை..."

"மிஸ் நியோமா. இருங்க. இன்னும் முடியல."

மிச்சத்தையும் சொன்னான். ஆசிட் என்றபோது அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோட்டின் ஒரு கையை மாட்டியபடியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எல்லாமேவா?"

"மேல ஒரு மரக்கிளை இருக்கு. மத்தது போச்சு."

"அந்தப் பேருக்குக் கீழ என்ன இருந்துச்சு?"

"ரெண்டு வரி இருந்துச்சு. மண்ணு மூடியிருந்துச்சு. நான் வாசிக்கல."

"வாசிக்கறதுக்கு முன்னாடியே ஊத்தினியா?"

"ஆமா."

"கல்லு இப்ப எங்க?"

"அங்கேயேதான். புதைச்சுட்டேன்."

"எப்படி? மல்லாக்கவா, குப்புறவா?"

"குப்புற."

அவள் அவனையே பார்த்தாள். "நூறு வருஷமா மூஞ்சி மண்ணுல பதிஞ்சு கெடந்தவ. நீ தூக்கிவிட்டே. தூக்கிவிட்டு, மூஞ்சியையும் அழிச்சு, மறுபடியும் அதே மண்ணுல அமுக்கிட்டு, மேல ஏறி மிதிச்சிருக்கே. அப்புறம் வந்து என் கையால பை வாங்கியிருக்கே."

"அதைச் சாப்பிடல."

"அது வேறயா! எம்மேல அவ்வளவு மரியாதை!" பீன்ஸ் கிண்ணத்தைத் தள்ளினாள். "இந்தா பாரு. பரவால்ல வெர்லின், விடு வெர்லின், அப்படியெல்லாம் நான் சொல்லுவேன்னு வந்திருந்தீன்னா தப்பான வீட்டுக்கு வந்துட்டே."

"சொல்ல வேணாம்."

"சொல்லவும் மாட்டேன். நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் அவளை நிமித்து. நான் வருவேன். இப்பப் போ."

அவன் கதவைத் தாண்டிய பிறகு உள்ளிருந்து சத்தம் வந்தது: "ஜெனரலோட பேரனே! கதவைச் சாத்திட்டுப் போ!"

ஆக, அன்றைக்குக் கேட்டிருக்கிறது.

மறுநாள் நிமிர்த்தினான். எந்தப் புகைபோக்கிக்கும் அவ்வளவு கவனமாக அஸ்திவாரம் போட்டதில்லை. கோயிலுக்குப் போட்ட உடுப்போடு நியோமா பக்கத்தில் நின்றாள். ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்ததும் அவள் குனிந்து, கையுறையைக் கழற்றி, வெறும் கல்லை மேலிருந்து கீழ்வரை தடவினாள். கண் தெரியாதவர் முகத்தைத் தடவுகிற மாதிரி. ஒன்றும் தட்டுப்படவில்லை.

"வாசி" என்றாள்.

"எதை?"

"நீ எல்லாக் கல்லையும் வாசிப்பியாமே. ஓப்பல் சொன்னா. இதையும் வாசி."

அவன் தொப்பியைக் கழற்றினான். வெள்ளைக் கல்லைப் பார்த்து மூன்று வரியையும் சொன்னான். சொல்லிவிட்டு நின்றான். அவள் கீழ்ப்பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரி வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, "வா, போகலாம்" என்றாள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் வெர்லின் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். சத்தியம் வேண்டுமானால் வேதாகமத்தின்மேல் செய்கிறேன் என்றான். பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். மிஸஸ் பிரெண்டிஸ் பேனாவை மூடி வைத்தார்.

"உங்களை நம்பறேன் வெர்லின். நான் தனியா நம்பறேன். ஆனா சங்கமா என்ன செய்ய முடியும்? கல்லு இருக்கு, எழுத்து இல்லை. எழுத்து இருந்ததுக்கு ஒரே சாட்சி, அதை அழிச்சவர். இதை ஏத்துக்கிட்டா நாளைக்கு யாரும் எந்தக் கல்லையும்..." முடிக்கவில்லை. "வாய்ச்சொல்லைப் பத்தி நீங்களே ஒருதடவை சொன்னீங்க."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

"அப்படின்னா என் பேரை எடுத்துடுங்க" என்றான் வெர்லின். சாக்ஸ் டிராயரிலிருந்து எடுத்து வந்திருந்த நாடாவை மேஜைமேல் வைத்தான். "அவங்க உள்ள வரமுடியலைன்னா நானும் இருக்கல."

அடுப்படி ஜன்னல் படாரென்று திறந்தது.

"எடுக்காதீங்க, மிஸஸ் பிரெண்டிஸ்! அவன் பேரை எடுத்தா எனக்கு என்ன வரப்போகுது? என் பேரு ஏறுமா? இந்த டாக்டரா வந்து கல்லைத் தூக்கப்போறாரு? நாடாவை எடுத்துக் குத்திக்கோ வெர்லின். தியாகி வேஷமெல்லாம் வேணாம். குத்திக்கிட்டு இங்க வா, தட்டுங்களை எடுத்துக் குடு. பை ஆறுது."

நாடாவைக் குத்திக்கொண்டு அவன் போனான். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் வெர்லின் ஸ்டாக்டேல் பதக்கம் குத்திய சட்டையோடு ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று தட்டுக் கழுவினான். புதிதாகச் சேர்ந்தவர்கள் காரணம் கேட்டால், "கை சும்மா இருந்தா அரிக்குது" என்பான்.

புதுக்கல் வெட்டித் தருகிறேன் என்றும் ஒருமுறை கேட்டுப் பார்த்தான், தன் செலவில்.

"புதுக்கல்லுல இருக்கறது உன் எழுத்து" என்றாள் நியோமா. "அவளுது இல்ல. சரி, வெட்டுறேன்னு வச்சுக்கோ. கடைசி ரெண்டு வரிக்கு என்ன போடுவே?"

அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஒவ்வொரு வருஷமும் மே மாசக் கடைசியில், இறந்த சிப்பாய்களுக்குக் கொடி நடுகிற நாளன்று, சங்கம் மேட்டுக்கு வருவதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் போய்விடுவார்கள். அவன் தொப்பியைக் கழற்றி வாசிப்பான். மூன்று வரி. பிறகு நிற்பான். அவள் காத்திருப்பாள். சில வருஷம் மழை பெய்யும். அப்போதும் குடையோடு காத்திருப்பாள். அவள் எந்த வருஷமும் மன்னித்தேன் என்று சொன்னதில்லை. கூரை ஒழுகலை மட்டும் வருஷாவருஷம் அவனைக்கொண்டே சரிசெய்துகொண்டாள்.

கடைசியாக அவள் ஏறின வருஷம் அவளால் தனியாக நிற்க முடியவில்லை. வெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கும் மூச்சு வாங்கியது. வாசித்தான். மூன்றாம் வரி முடிந்தது. காற்றில் சோள நாற்று அசைகிற சத்தம் மட்டும்.

"வெர்லின்."

"சொல்லுங்க, மிஸ் நியோமா."

"இந்த வருஷமாவது அந்த ரெண்டு வரிக்கு ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லேன். நல்லதா ஒண்ணு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். எத்தனையோ கல் வாசித்தவன். அன்புள்ள தாய், கர்த்தரின் மடியில் உறக்கம், இப்படி நூறு வரி நாக்கில் நின்றது. கீழ்ப்பாதி வெள்ளையாக அவனைப் பார்த்தது.

"முடியல, மிஸ் நியோமா. அங்க என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"அதான் பாத்தேன்" என்றாள் அவள். "சொல்லியிருந்தா முதல் மூணையும் நம்பியிருக்க மாட்டேன்."

அந்தக் குளிர்காலத்தில் அவள் போனாள். அவளுக்கும் அந்த மேட்டில்தான் இடம். கல்லை வெர்லின் நட்டான். மே மாசம் வந்தபோது தனியாக ஏறினான். முதலில் நியோமாவின் கல்லை மேலிருந்து கீழாகக் கடைசி எழுத்துவரை வாசித்தான். பிறகு திரும்பி வெள்ளைக் கல்லுக்கு நேராக நின்று, மூன்று வரியைச் சொன்னான். கீழே கார்க் கதவுகள் அடிக்கிற சத்தம் கேட்டது, சங்கத்துக்காரர்கள் கொடிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். அவன் தொப்பியைப் போடவில்லை. மிச்ச இரண்டு வரிக்கு ஆகிற நேரம் முழுக்க அங்கேயே நின்றான்.